திரிகைக்கல்லும் இரண்டாம் பக்கமும்

மற்றவர்களின் இடுப்பையும் முழங்காலையும் பிடித்து நிமிர்த்தப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு, முதலில் ஒரு எச்சரிக்கை. உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசிக்க முடியவில்லை என்று இதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அம்மா நாலாவது பந்தியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார். பிறகு என்னைத் தேடுவார்.

மொன்றியலில் ஒரு வைத்தியசாலையில் பிசியோதெரப்பிப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். ஊரார் முதுகை நிமிர்த்தி நிமிர்த்தி என் முதுகு போய், ஐம்பத்தைந்து வயதிலேயே வீட்டில் குந்தவைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளை நானும் வாசிப்பதுண்டு. எல்லாரும் தங்கள் கை பட்டு எழுந்து நடந்தவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். வாசித்தால் வைத்தியசாலையில் ஒருவரும் விழுந்ததே இல்லை என்று நினைப்பீர்கள். எனக்கு அந்தத் திறமை கிடையாது. நான் என் மடைத்தனத்தை எழுதுகிறேன். அதுதான் கையிருப்பில் நிறைய இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இடுப்பு மூட்டு மாற்றிய ஒவ்வொரு நோயாளிக்கும் வீடு போகுமுன் பக்கத்துக்கு ஒரு தாளாக ஸ்டேப்பிள் அடித்த இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் கதிரை, படி, காலுறை, கழிப்பறை. இடுப்பை அளவுக்கு மேல் மடிக்காதே, காலுக்கு மேல் கால் போடாதே, சத்திரசிகிச்சை செய்த காலை உட்பக்கம் திருப்பாதே. மீறினால் புதிய மூட்டு குழியைவிட்டுக் கழன்று வந்துவிடும். இரண்டாம் பக்கத்தில், கணவன் மனைவி சேர்ந்திருக்கும்போது எந்த நிலை ஆபத்து, எது பாதுகாப்பு என்று குச்சி மனிதர்களை வைத்துக் கீறிய படங்கள். தெரப்பிஸ்ட் இரண்டு பக்கத்தையும் விளக்கி, விளக்கியதாகக் கோப்பில் கையெழுத்து வைக்க வேண்டும்.

வெள்ளைக்காரருக்கு இரண்டு பக்கத்தையும் விளக்குவேன். பிரெஞ்சில் அந்தச் சொற்கள் என் வாயைச் சுடவில்லை. அது என் அம்மா திட்டாத மொழி. தமிழர் வந்தால்தான் சிக்கல். நேற்றுக் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துத் தந்த கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இனிக் கட்டிலில் நீங்கள்..." என்று எப்படித் தொடங்குவது? ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தாளைக் கொடுக்குமுன் ஸ்டேப்பிள் கம்பியைப் பக்குவமாக நிமிர்த்தி, இரண்டாம் பக்கத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவேன். பிறகு, விளக்கியாயிற்று என்று கையெழுத்து. இந்தத் திருட்டுக்கு நான் வைத்திருந்த பெயர் பண்பாடு.

அப்படிக் கழற்றிய பக்கங்களில் ஒன்று யோகண்ணையுடையது. துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தவர். பனிக்காலத்தில் லொறியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, இடது இடுப்பு நொறுங்கி, நாற்பத்துநாலு வயதில் செயற்கை மூட்டு. ஏழு வருடமாக அவர் இங்கே, மனைவி கொழும்பில். ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது, மனுசி வரப்போகிறா என்று வாட்டில் இருந்த எல்லாத் தாதிகளுக்கும் கையைக் காட்டியும் சிரித்தும் சொல்லி வைத்திருந்தார். வீடு போகும் நாள், ஊன்றுகோல்களோடு கதவு வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"தம்பி, வேற ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"இல்லை அண்ணை. அவ்வளவுதான்."

"இல்லை... மனுசி வரப்போறா. அதாலை கேட்டனான்."

"அப்ப நல்லதாப் போச்சு அண்ணை. சமையல் வேலை மிச்சம்."

"ஓம் ஓம், சமையல்" என்றுவிட்டுப் போனார். இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாயால் நான் இன்றைக்கும் சோறு சாப்பிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஜப்பானியத் தம்பதி வந்தார்கள். எங்கள் பிரிவின் தலைவி கியூபெக்காரி. நல்ல மனம், குறுகிய புவியியல். "நீ போ, நீயும் ஆசியாதானே" என்று அவர்களை என் பக்கம் தள்ளிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கும் தோக்கியோவுக்கும் இடையில் நேர் பஸ் ஓடுகிறது என்று நினைத்தாரோ தெரியாது. அவர்கள் பக்கத்துப் புறநகரான புரோசார்டிலிருந்து வந்தவர்கள். மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். பிறவியிலேயே இடுப்புக்குழி ஆழமில்லாததால் மூட்டு நேரத்தோடு தேய்ந்துபோய், இப்போது வலது பக்கம் மாற்றியிருந்தார்கள். தேநீர்ச் சடங்கு பழக்குவது அவருடைய தொழில். கணவர் ஒரு கப்பல் நிறுவனத்தில் அலுவலர். மூன்று பேரும் ஆங்கிலத்தில் கதைத்தோம். அது மூவருக்கும் அரைகுறை என்பதால் ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"இனிமேல் தரையில் இருக்கக்கூடாது" என்று கம்பீரமாகத் தொடங்கினேன்.

"எப்படி இருக்கக்கூடாது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"தரையில்."

"தரை ஒரு இடம். நான் இருக்கிற விதத்தைக் கேட்கிறேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் பேனாவை வாங்கி, ஒரு வெற்றுத்தாளில் படம் கீறத் தொடங்கினார். முழங்கால் இரண்டையும் மடித்துக் குதிக்கால்மேல் நிமிர்ந்திருப்பது சேய்ஸா. தேநீர்ச் சடங்குக்கு அதுதான். சம்மணம் அகுரா. ஒரு முழங்காலை நிமிர்த்தி வைத்திருப்பது தாதேஹிஸா. எங்கள் வீடுகளில் திருவலையில் தேங்காய் துருவ இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். கால் இரண்டையும் ஒரே பக்கம் மடித்துச் சாய்ந்திருப்பது யோகோஸுவாரி. நம்முடைய பெண்கள் கோயிலில் மணித்தியாலக்கணக்காக இருப்பது அதேபடிதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதற்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

"இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார்.

அங்கேதான் நான் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில். ஒருபக்கம் மடித்திருப்பதில் ஒரு கால் உட்பக்கம் திருகும். மூட்டு கழல அதைவிட நல்ல வழி இல்லை. சம்மணத்தில் முழங்கால் வெளிப்பக்கம் போவதால் ஆபத்து குறைவு, ஆனாலும் தொடக்க மாதங்களில் வேண்டாம். சேய்ஸாவில் நிமிர்ந்திருக்கும்போது அல்ல, குனிந்து வணங்கும்போதும் எழும்பும்போதும்தான் பயம். அதைச் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இவ்வளவும் எனக்குள் இருந்த அறிவுதான். நாலு வருடமாகத் "தரையில் இருக்காதேங்கோ" என்ற ஒற்றை வசனத்தால் அதை மூடி வைத்திருந்தேன். கோயிலில் கதிரை போட்டா வைத்திருக்கிறார்கள்? என் நோயாளிகள் அங்கே போய் எப்படி இருந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண் தலையசைத்தார். நான் கொடுத்த தாளைத் திருப்பினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இனி இரண்டாம் பக்கம்" என்றார்.

அவர்களுக்கு நான் பக்கத்தைக் கழற்றவில்லை. அவர்கள் கோயிலில் எதிர்ப்படப் போவதில்லை அல்லவா. ஆனால் அவர் அந்தக் குச்சி மனிதர்களை அலட்சியமாகப் பார்த்தார். "இது போதாது" என்றுவிட்டு வெற்றுத்தாளின் மறுபக்கத்தில் எழுதத் தொடங்கினார். பக்கவாட்டில் படுப்பது சோகுய். நேருக்கு நேர் அமர்ந்திருப்பது தாய்மென் ஸாய். சேய்ஸாவில் வருகிற, இருக்கை என்ற அதே எழுத்துத்தான் இதிலும் வருகிறது என்று சுட்டிக் காட்டினார். பிறகு, கணவன் மல்லாந்து படுக்க மனைவி மேலே இருப்பது சாவுசு.

"சாவுசு என்றால் தேயிலை அரைக்கிற திரிகை" என்றார். "அடிக்கல் அசையாது. மேல்கல் சுற்றும்."

என் கையில் விளக்கிக் காட்டுவதற்கான செயற்கை இடுப்பு மூட்டு ஒன்று இருந்தது. அதன் பந்து கழன்று தரையில் விழுந்து கட்டிலுக்குக் கீழே உருண்டது. நான் அதை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் எழும்பவில்லை. கட்டிலுக்குக் கீழே அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பந்து என் மூக்குக்கு முன்னால் கிடக்க, நான் அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். மேலே கணவர் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, மனைவி பதில் சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று கீழே இருந்தபடியே கேட்டேன்.

"நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்."

எழும்பி வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். மனைவிதான் நோயாளி என்பதால் அவர் மேல்கல்லாக முடியாது; முழங்காலும் இடுப்பும் மிஞ்சி மடியும். அமர்ந்த நிலையும் அதே காரணத்தால் வேண்டாம். மல்லாந்து படுக்கலாம், கால்கள் உள்ளே திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் என்றால் நல்ல காலின் பக்கம் படுத்து, நடுவில் தலையணை. கணவர் கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவரும் சாகவில்லை.

"உங்கள் மொழியில் இவற்றுக்கு என்ன பெயர்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"எங்களுடைய ஆட்களிடம் இதைச் சொல்லுவதில்லை."

"சத்திரசிகிச்சை செய்தவர்களிடமுமா?"

"அவர்களிடமும்."

"அப்படியானால் அவர்கள் என்ன செய்கிறார்கள்?"

கேள்வி மிகச் சாதாரணமானது. அதுவரைக்கும் என் தலைக்குள் அது வந்ததில்லை. யோகண்ணை. மனுசி. வரப்போகிறா. வந்தே இருப்பாவோ? ஏழு வருடப் பிரிவு, செயற்கை மூட்டு, ஒரு பக்கத் தாள். என் மனக்கண்ணில் அம்புலன்ஸ் வந்தது. அதில் யோகண்ணை போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். எப்படிக் கழன்றது என்று அவசரப் பிரிவில் பிரெஞ்சில் கேட்கிறார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் தாளைப் பிரதி எடுக்கக் கேட்டேன். "வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனப்பாடம்" என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் இரண்டு தலையணைகளை அள்ளிக்கொண்டு மெற்றோ ஏறினேன். தலையணையோடு போகிறவனுக்கு மெற்றோவில் தாராளமாக இடம் விடுவார்கள், தெரிந்து வைத்திருங்கள். யோகண்ணை ஒரு அடுக்குமாடியில், ரஞ்சன் என்ற பெடியனோடு அறை பங்கிட்டு இருந்தார். மனுசி வந்தால் ரஞ்சன் வேறு இடம் பார்ப்பதாக ஏற்பாடு. நான் போனபோது ரஞ்சன் இறைச்சி வாங்கப் போயிருந்தான். யோகண்ணை ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் அகப்பையுமாகக் கதவைத் திறந்தார்.

"என்ன தம்பி, தலாணி விக்க வெளிக்கிட்டீரோ?"

"மனுசி வந்திட்டாவோ அண்ணை?"

"இல்லை."

எனக்கு மூச்சு வந்தது. பிறகு சுற்றிச் சுற்றி வளைத்தேன். காலுறை எப்படிப் போடுகிறார், படி எப்படி ஏறுகிறார், கழிப்பறைக் கதிரை உயரம் சரியா. மனிதர் அகப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உதைக் கேக்க ஒருத்தரும் சனிக்கிழமை வராயினம். விசயத்தைச் சொல்லும்."

"அண்ணை, மனுசி வந்தால்... கொஞ்சம் கவனமா இருக்கோணும். அதைத்தான்..."

"அவ வரமாட்டா" என்றார். அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "விசா போன மாசமே கிடைச்சிட்டுது. நான்தான் பொறு, இப்ப வேண்டாம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இன்னும் பன்ரண்டு நாளிலை அது முடியுது."

"ஏனண்ணை?"

"நீர்தானே ஒண்டும் சொல்லேல்லை. வாசல் மட்டும் வந்து நிண்டு கேட்டனான். சமையல் மிச்சம் எண்டீர். அப்ப எனக்கு விளங்கீட்டுது, இனி அந்த அலுவல் இல்லையெண்டு. சரி, டொக்டர்மார் வாயாலை சொல்ல வெக்கப்படுகினம் எண்டு நினைச்சன். ஏழு வருசம் காத்திருந்தவளைக் கூப்பிட்டு வைச்சு மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கவோ?"

"இதை அவவுக்குச் சொன்னியளோ?"

"உதைப் போனிலை எப்பிடிச் சொல்லுறது? அவ நினைக்கிறா நான் இஞ்ச இன்னொருத்தியோடை இருக்கிறன் எண்டு. போன கிழமை கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"பேசாமல் இருந்திட்டன்."

பார்த்தீர்களா ஆம்பிளையின் வீரத்தை? இடுப்பு ஏலாது என்று சொல்வதைவிட, இன்னொருத்தி இருக்கிறாள் என்று மனைவி நம்புவது மானமாகப் பட்டிருக்கிறது. அவரை இளக்காரமாகப் பார்க்க எனக்குத் தகுதி இருக்கவில்லை. நான் மூட்டு கழன்றுவிடும் என்று தலையணையோடு ஓடி வந்தவன். கழன்று கிடந்தது வேறு. கழற்றியவன் நான். சொல்லாமல் விட்ட இடம் வெறுமையாக இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நோயாளி அதைத் தன் பயத்தால் நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

தாளை விரித்தேன். "அண்ணை, இது ஜப்பான்காரர் பேர் வைச்ச விசயம். நான் சொல்லேல்லை, அவையள் சொல்லுகினம்" என்று தொடங்கினேன். அந்தப் பெயர்கள் பெரிய புண்ணியம் செய்தன. எங்கள் இருவருக்கும் அவற்றில் வெட்கம் ஒட்டவில்லை. தாய்மென் ஸாய் கூடாது. சோகுய் நல்லது, வலப்பக்கம் படுக்க வேண்டும், நடுவில் தலையணை. எல்லாவற்றிலும் பயமில்லாதது சாவுசு.

"அது என்ன படம்?"

"திரிகைக்கல் அண்ணை. நீங்கள் அடிக்கல்."

யோகண்ணை படத்தை இரண்டு தரம் பார்த்தார். "அப்ப அவ மேலையோ?"

"ஓம்."

"நான் ஊரிலை சனசமூக நிலையத் தலைவரா இருந்தனான் தம்பி."

"அண்ணை, மூட்டுக்கு அது தெரியாது."

பக்கவாட்டு நிலை அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நான் தரையில் வலப்பக்கம் சரிந்து படுத்து, தலையணை ஒன்றை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கட்டிப்பிடித்து, "இது அக்கா எண்டு வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ரஞ்சன் இறைச்சிப் பையோடு நின்றான். என்னைப் பார்த்தான், தலையணையைப் பார்த்தான்.

"நான் பேந்து வாறன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

எழும்பித் தூசி தட்டிக்கொண்டு, "போனை எடுத்து அக்காவுக்குச் சொல்லுங்கோ" என்றேன். கொழும்பில் அப்போது பொழுது பட்டிருக்கும். அக்கா தங்கியிருந்த லொட்ஜில் போன் எடுத்தால் கூப்பிட்டு விடுவார்கள். யோகண்ணை இலக்கங்களை அழுத்தினார். "இஞ்சரும், நான்தான்..." என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ரிசீவரை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "நீர்தானே படிச்சனீர்."

"வணக்கம் அக்கா, நான்..."

"நீர் ஆர்? அவளின்ரை தம்பியோ?"

"இல்லை அக்கா! நான் அண்ணையின்ரை இடுப்புக்குத் தெரப்பி."

"இடுப்புக்கு என்ன?"

அண்ணை விழுந்ததும் வெட்டியதும் அக்காவுக்குத் தெரியும். காயம் ஆறிவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருந்திருக்கிறார் மனிதர். அங்கே கட்டில் ஒன்றும் இல்லை, கீழே போய்ப் பந்து தேட. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அண்ணைக்கு வேறு ஒருத்தரும் இல்லை. நீங்கள் வந்தால் குடும்பம் நடத்தக் கூடாது என்று நினைத்துப் பயந்துதான் மறிக்கிறார். அது பிழை. சொல்லாமல் விட்டது நான்.

அக்காவின் குரல் தணிந்து வந்தது.

"இஞ்ச மேசையைச் சுத்திச் சனம் நிக்குது. நீர் முழுக்கச் சொல்லும். நான் ஓம் எண்டு கேக்கிறன்."

சொன்னேன். பக்கம் பக்கமாக, தலையணை தலையணையாக. "ஓம்" என்றார். "ஓம்" என்றார். சாவுசுவுக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் தாமதமாக "ஓம்" வந்தது. பிறகு, பத்துப் பேர் சுற்றி நிற்க, பஸ் நிறுத்தம் விசாரிக்கிறவர் போலத் தெளிவாகக் கேட்டார்:

"இடதோ, வலதோ?"

"இடது அக்கா."

"எவ்வளவு காலத்துக்குக் கவனம்?"

"அடுத்த செக்கப்பிலை நீங்களும் வாங்கோ, டொக்டரைக் கேட்டுச் சொல்லுறன்."

"வாறன். இப்ப போனை அந்த மனுசனிட்டைக் குடும்."

யோகண்ணை ரிசீவரைக் காதில் வைத்தார். தூரத்தில் நின்ற எனக்கே அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில், "புதன்கிழமையோ? சரி, பிளேனிலை காலைத் தூக்கி வைச்சு இரும்" என்றார். காயப்பட்டது தன்னுடைய கால் என்பதையே மறந்துவிட்டார்.

இதோடு நிறுத்தினால் இது நான் எழுந்து நடக்க வைத்த கதையாகிவிடும். திங்கட்கிழமை காலையில் லாச்சியைத் திறந்தேன். கழற்றிய பக்கங்கள் ஒரு கட்டு. கோப்புகளை எடுத்து, தமிழ்ப் பெயர்களாகப் பார்த்து ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஏசினார், அது சுகமாக இருந்தது. கர்க்லாண்டில் ஒரு சென்னைக் குடும்பம். கணவர் பொறியியலாளர், பெரிய வீடு, பெரிய படிப்பு. படித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர்களுடைய பக்கத்தைக் கொஞ்சமும் யோசிக்காமல் கழற்றியிருந்தேன். மனைவிதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த வாரத்தில் எனக்கு வாய் நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"அவருக்கு ஆபரேஷன் ஆகி மூணு வருஷம் ஆயிடுச்சு தம்பி" என்றார். "அவர் கீழ் ரூம்ல, நான் மாடியில. நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா, கூடாதுன்னுதான் ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டோம். அப்படியே பழகிடுச்சு."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

"அந்தப் பேப்பரத் தபால்ல அனுப்புங்க" என்றார். பிறகு, போனை வைக்குமுன், "என் பேருக்குப் போட்டு அனுப்புங்க. அவர் பிரிச்சா எனக்குக் காட்டாம டிராயர் உள்ள வெச்சுடுவார்."